கொல்லிமலை பார்க்கும் கூத்து

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. த.வெ.க. தலைவர் விஜய் காலை 8.45 மணிக்கு நாமக்கல்லில் பேசுவார் என்று அறிவிப்பு. செய்தி சேனல்கள் அதற்கு முன்பே கடையைத் திறந்துவிட்டன. விமானம் கிளம்பியது, திருச்சியில் இறங்கியது, பஸ் புறப்பட்டது, பஸ் நின்றது, மறுபடி நகர்ந்தது. நடுநடுவே ட்ரோன் காட்சி, அதில் சாலை தெரியாத அளவுக்குத் தலைகள். அவர் நாமக்கல் வந்து சேர்ந்தபோது மதியம் கடந்திருந்தது. அதுவரை வெயிலில் நின்றவர்கள் தண்ணீர் குடித்தார்களா, எத்தனை பேர் மயங்கினார்கள் என்பதைவிட, கூட்டம் எதுவரை நீண்டிருக்கிறது என்பதுதான் திரையில் பெரிய செய்தி.

அன்று இரவு அவருடைய அடுத்த கூட்டத்தில், கரூர் வேலுசாமிபுரத்தில் நெரிசல். பலி எண்ணிக்கை 41 வரை போனது.

அந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. அக்டோபர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறப்பித்து, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. அதற்குள் புகுந்து தீர்ப்பெழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் இரண்டு வாரம் முன்னால், செப்டம்பர் 13-ம் தேதி திருச்சியில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். விமான நிலையத்திலிருந்து மரக்கடை வரை பஸ் மணிக்கணக்கில் ஊர்ந்தது. மைக் மக்கர் செய்ததில் பேச்சு பலருக்குக் காதிலேயே விழவில்லை. அப்படியும் நேரலை குறையில்லாமல் நடந்து முடிந்தது. தலைவர் என்ன பேசினார் என்பதே தெரியாமல் ஓர் அரசியல் கூட்டம் வெற்றிகரமாக ஒளிபரப்பாக முடியும் என்று அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. கரூருக்குப் பிறகு வந்த வாரங்களில் சேனல்கள் செய்ததும் அதன் தொடர்ச்சிதான். அதே காட்சிகள், இந்த முறை சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்டு. சதியா, விபத்தா என்று கேட்டு ராத்திரிதோறும் நான்கு பேர் சத்தம் போட்டார்கள்.

நாமக்கல் நகரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது செம்மேடு. கொல்லிமலை தாலுகாவின் தலைமையிடம். அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அப்புறம் செம்மேடு. 2011 கணக்கெடுப்பின்படி மலைமேல் சுமார் 40 ஆயிரம் பேர். பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி வரலாறு. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று ஒவ்வொரு ஊராட்சியின் பெயரிலும் ஒரு நாடு உண்டு. மாநில அரசியல் இந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் திரை வழியாகத்தான் வந்து சேர்கிறது. அப்படி வந்து சேர்வது எது, வராமல் போவது எது என்று பார்க்க மலை உச்சி வசதியான இடம்.

அரசே கொடுத்த பெட்டி

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஆண்டு அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடும்ப அட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவதைச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை என்று சொல்ல முடியாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பானது. இலவசமா லஞ்சமா என்ற சண்டையில் ஒன்றை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கட்சிகள் சொந்தமாக சேனல் வைத்திருக்கும் மாநிலத்தில், அரசே வீட்டுக்கு வீடு திரையையும் மாட்டிவிட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் அ.தி.மு.க. ஆட்சி அரசு கேபிள் டிவி கழகத்துக்கு உயிர்கொடுத்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. பெட்டி ஒரு கட்சி கொடுத்தது, ஒயர் இன்னொரு கட்சி கொடுத்தது.

கேபிள் ஒயர் போகாத மலைக் குடியிருப்புகளுக்கு டிஷ் போனது. ஓட்டு வீட்டுச் சுவரில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்துக்குப் பக்கத்தில், வானத்தைப் பார்த்தபடி ஒரு வட்டத் தட்டு. ஐப்பசி மழை வலுத்தால் டிஷ் இணைப்பு படுத்துவிடும். ‘சிக்னல் இல்லை’ என்று நீலத் திரை வரும். மலைப்பாதையில் மண் சரிவதும் அதே மழையில்தான். மலைக்காரருக்கு உண்மையிலேயே செய்தி தேவைப்படுகிற நாளில் பெட்டி ஊமையாகிவிடுகிறது. இதற்கு சேனல்களைக் குற்றம் சொல்ல முடியாது, இயற்பியல்தான் காரணம். சிக்னல் இருக்கும் நாட்களுக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

சிக்னல் இருக்கும் நாட்களில் கொல்லிமலை டிவியில் எப்போதெல்லாம் வருகிறது? ஆடி பதினேழு, பதினெட்டில் வல்வில் ஓரி விழா. அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை போடுவார்கள், மலர்க் கண்காட்சி நடக்கும். கோடை விடுமுறையில் ஆகாய கங்கை அருவி, ‘குவியும் சுற்றுலாப் பயணிகள்’. தேர்தல் வந்தால் பக்கத்திலிருக்கும் போதமலை. ராசிபுரத்துக்கு அருகில், நெடுங்காலம் சாலையே இல்லாமல் கிடந்த மலைக்கிராமங்கள். அங்கே வாக்குப்பதிவு எந்திரத்தைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு போவார்கள். தருமபுரி கோட்டூர் மலைக்கு என்றால் கழுதை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தக் காட்சி தவறாமல் வரும், பின்னணியில் உருக்கமான இசையோடு. ‘ஜனநாயகத்தின் அழகு’ என்று வர்ணனையும் உண்டு. சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓட்டுப்பெட்டி ஏன் தலையில் போகிறது என்ற கேள்வி அந்த அழகுக்கு இடைஞ்சல். போதமலைக்குச் சுமார் 140 கோடி ரூபாயில் சாலைத் திட்டம் வந்தபோது கழுதைக்கும் தலைச்சுமைக்கும் கிடைத்த கேமரா வெளிச்சத்தில் பாதி கிடைத்திருந்தால் பெரிய விஷயம்.

2019 ஏப்ரலில் மட்டும் கொல்லிமலை பல நாட்கள் தலைப்புச் செய்தியானது. ராசிபுரத்தைச் சேர்ந்த முன்னாள் செவிலியர் ஒருவர் பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசும் ஆடியோ வெளியானது. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப்போட்டு முடித்து, முடிவுக்குக் காத்திருந்த வறண்ட வாரங்கள் அவை. சேனல்கள் ஆடியோவை ஓட்டின, மறுபடி ஓட்டின, எழுத்தில் போட்டு ஓட்டின. கொல்லிமலையில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கைதானார். மலைக்கிராமப் பிரசவங்களின் பதிவேடுகளை அதிகாரிகள் சரிபார்த்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மே 23-ல் ஓட்டு எண்ணிக்கை வந்ததும் ஓ.பி. வேன்கள் இடத்தைக் காலி செய்தன. பெற்ற பிள்ளையைக் கொடுக்கும் நிலைக்கு ஒரு மலைக்குடும்பம் எப்படி வந்தது, இங்கே பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பதெல்லாம் ஆடியோவில் இல்லை. ஆடியோவில் இல்லாததை டிவி எங்கே தேடும்?

122-ல் ஒருவர்

கொல்லிமலை இருப்பது சேந்தமங்கலம் தொகுதியில். பழங்குடியினருக்கான தனித்தொகுதி. மலைமேல் ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தமிழ்நாட்டின் பெரிய டிவி நாடகங்களில் துணைப் பாத்திரங்களாகப் பார்த்திருக்கிறார்கள்.

2011-ல் வென்றவர் தே.மு.தி.க.வின் சாந்தி. கட்சித் தலைவர் விஜயகாந்தை அப்போது டிவி எப்படிக் காட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கோபப்படுவது, திக்குவது, தடுமாறுவது எல்லாம் நறுக்கி நறுக்கி நகைச்சுவை நிகழ்ச்சிபோல வந்துகொண்டிருந்தது. 2015 டிசம்பரில் ரத்ததான முகாமில் செய்தியாளர்களைப் பார்த்து அவர் ‘தூ’ என்றார். அந்த ஒற்றை எழுத்து எத்தனை நாள் ஓடியது! எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அவர் சட்டமன்றத்துக்குள்ளும் வெளியிலும் எழுப்பிய ஒரு பிரச்னையைச் சொல்லச் சொன்னால் பலர் யோசிப்பார்கள். 2016 பிப்ரவரியில் சாந்தி உள்பட தே.மு.தி.க. பக்கமிருந்து எட்டு எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்தது அந்தக் காமெடி சீசனின் ஒரு எபிசோடாகக் கடந்துபோனது. 2023 டிசம்பர் 28-ம் தேதி விஜயகாந்த் இறந்தார். அவரைக் கேலிப்பொருளாக்கிய அதே சேனல்கள் அன்று காலையிலிருந்து அவர் போட்ட சாப்பாட்டையும் வள்ளல் குணத்தையும் கண்ணீரோடு சொல்லின. இரண்டுமே பார்க்க நன்றாக இருந்தன என்பதுதான் வருத்தம்.

அடுத்தவர், 2016-ல் வென்ற அ.தி.மு.க.வின் சந்திரசேகரன். அவருக்கு வாய்த்தது இன்னும் பெரிய மேடை.

ஜெயலலிதாவின் 75 நாள் மருத்துவமனைவாசத்தில் இருந்தே தமிழகம் டிவியை அணைக்கவில்லை. 2016 டிசம்பர் 5 மாலை சில தமிழ் சேனல்கள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி இறங்கியது. அப்போலோ மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. நள்ளிரவு கடந்து அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தபோது ஒரு மாநிலம் ஒரே மரணத்தை இரண்டு முறை பார்த்திருந்தது.

2017 பிப்ரவரி 7 இரவு ஒன்பது மணிவாக்கில் அப்போதைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். சுமார் நாற்பது நிமிடம். வசனமே இல்லாத அந்த நாற்பது நிமிடத்தைச் சேனல்கள் எல்லாம் நேரலையில் கொடுத்தன. இத்தனை நேரம் அசையாத ஒரு ஷாட்டை எந்த சினிமா இயக்குநரும் வைக்கத் துணிய மாட்டார். பிரைம் டைம், கடல் காற்று, விளக்கொளி, கண்ணீர். யாராவது திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. அடுத்த நாளிலிருந்து, ஜெயலலிதாவின் தோழி சசிகலா பக்கமிருந்த எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில். சேந்தமங்கலம் எம்.எல்.ஏ. உள்பட. விடுதி வாசலில் கேமராக்கள், உள்ளே யார், சுவர் ஏறிக் குதித்தது யார், மாறுவேடத்தில் வெளியே வந்தது யார் என்று கணக்கெடுப்பு. பிப்ரவரி 14-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மறுநாள் பெங்களூரு சிறைக்குக் கிளம்பிய சசிகலா சமாதியில் மூன்று முறை ஓங்கி அடித்து சபதம் செய்தார். 18-ம் தேதி பேரவைக்குள் அமளி, மேசைகள் புரண்டன. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்து கேமராக்களுக்கு முன் நின்றார். புதிய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமாதிக் காட்சியும் ரிசார்ட் காட்சியும் கிழிந்த சட்டையும் நேரலையில் வந்தன. 122 பேரும் எழுந்து ஓட்டுப் போட்ட அந்த அவை நடவடிக்கை மட்டும் வரவில்லை. ஓர் அரசு உருவானது பேரவைக்கு உள்ளே. தமிழ்நாடு விடிய விடியப் பார்த்தது பேரவைக்கு வெளியே நடந்ததை. பதினோரு நாளில் கூவத்தூரின் சமையல் பட்டியல் முதல் செருப்பு அளவு வரை மாநிலத்துக்கே தெரிந்துபோனது. செம்மேட்டிலிருந்து ஒருவர் தன் எம்.எல்.ஏ. எதற்காக எடப்பாடி பக்கம் நின்றார் என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல எந்தத் திரையும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னோடி 2001 ஜூன் 30. நள்ளிரவில் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை, அவருடைய அலறலோடு, சன் டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. போலீஸ்காரர்கள்தான் தாக்கப்பட்டார்கள் என்று ஜெயா டிவி தன் காட்சியைக் காட்டியது. ஒரே ராத்திரி, ஒரே வீடு, இரண்டு படம். விவகாரம் மத்திய அரசு வரை போய், ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலக நேர்ந்தது. 2023 ஜூன் 14 விடியற்காலை அமலாக்கத்துறை காரில் அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி நெஞ்சைப் பிடித்து அழுத காட்சி வந்தபோது, நாற்பது வயது தாண்டிய தமிழர்கள் பலருக்கு அந்தப் பழைய ராத்திரி ஞாபகம் வந்திருக்கும். அப்போதும் ‘நடிப்பா, நிஜமா’ என்பதுதான் விவாதம். வழக்கு என்ன என்பது மூன்றாம் பட்சம்.

உலகம் முழுக்க இதே கதைதான் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். 2025 பிப்ரவரி 28-ல் வெள்ளை மாளிகையில் கேமராக்கள் முன்னிலையில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை வறுத்தெடுத்து முடித்த டிரம்ப், இது அருமையான டிவி நிகழ்ச்சியாக இருக்கப்போகிறது என்று வாய்விட்டே சொன்னார். ஒருவர் ரியாலிட்டி ஷோ நடத்தியவர், மற்றவர் டிவி தொடரில் அதிபராக நடித்துவிட்டு அதிபரானவர். நம் ஊர்த் தலைவர்கள் நினைப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

நாடகம் என்றால் கெட்ட வார்த்தையா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். தமிழ்நாட்டு அரசியலே நாடகக் கொட்டகையில் பிறந்ததுதானே? அண்ணா நாடகம் எழுதினார், நடித்தார். கருணாநிதி எழுதினார், நடித்தார். எம்.ஜி.ஆரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிவி மட்டும் என்ன பாவம் செய்தது?

சரிதான். ஆனால் அந்த நாடகங்களைக் கண்டு அரசாங்கம் பயந்தது. எம்.ஆர்.ராதாவின் மேடையை அடக்கத்தான் 1954-ல் சென்னை மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது என்று இன்றும் சொல்வார்கள். மேடையில் ஜமீன்தார் வந்தார், புரோகிதர் வந்தார், கடன்பட்ட விவசாயி வந்தார். யார் யாரை எப்படி ஏய்க்கிறார்கள் என்பதுதான் கதை. கொட்டகையை விட்டு வெளியே வந்தவன் தன் ஊர் பண்ணையாரை வேறு கண்ணால் பார்த்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று ஆரவாரம் செய்தாலும், சபைக்கு வந்ததும் கட்டியங்காரனிடம் அகப்பட்டுக்கொள்வார். நீ யார், எந்த ஊர், என்னத்துக்கு வந்தாய் என்று கேட்பான். உள்ளூர் ரேஷன் கடையையும் ரோட்டுக் குழியையும் இழுத்து ராஜாவை நக்கலடிப்பான். அவன் பேசுவது சபையின் சார்பாக. டிவி விவாதத்தின் நெறியாளரும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவருடைய வேலை வேறாகிவிட்டது. இரண்டு ராஜாக்களைக் கூட்டி வந்து மோதவிட்டு, ஒருவர் இன்னொருவர் மேல் பாயும் நேரத்தில் விளம்பர இடைவேளை விடுவது. ஒரு நிகழ்ச்சியின் பெயரே போர்க்கள வாசனையோடு இருந்தது: ‘ஆயுத எழுத்து’. நல்ல நெறியாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அரங்கில் சபை கிடையாது. சபை இல்லாத இடத்தில் யார் சார்பாக அவர் கேட்பார்?

சபையோடு நடத்திப் பார்த்ததும் உண்டு. 2018 ஜூனில் புதிய தலைமுறை கோவையில் பொதுமக்கள் முன்னிலையில் வட்டமேசை விவாதம் நடத்தியது. இயக்குநர் அமீர் பேசும்போது கூச்சல் குழப்பமானது. போலீஸ் சேனல் மீதே வழக்குப் போட்டது. கொஞ்ச நாளில் அரசு கேபிளில் அந்த சேனலின் எண் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஆட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை போலும். கரூர் சம்பவத்துக்குப் பின் 2025 அக்டோபரில் அரசு கேபிளில் அதே சேனல் தெரியவில்லை என்று எதிர்க்கட்சிகள் கண்டனம் தெரிவித்தன. ஸ்டூடியோவுக்குள் நடக்கும் குடுமிப்பிடி சண்டையால் எந்த ஆட்சிக்கும் தலைவலி வந்ததில்லை. வெளியே போய்க் காட்டினால்தான் ஒயர் பிடுங்கப்படுகிறது.

நான்கு நாற்காலியின் கணக்கு

ஏன் இப்படி என்று கேட்டால் டிவிக்காரர்களே முதலில் சொல்லும் பதில், காசு. ஒரு மணி நேர விவாதத்துக்கு நான்கு நாற்காலி, ஒரு நெறியாளர், ஏற்கெனவே வாடகை கொடுத்த அரங்கு. வந்து பேசுகிறவர்களுக்குக் கட்சி சம்பளம் கொடுக்கிறதோ புகழ் கொடுக்கிறதோ, சேனலுக்குச் செலவு குறைவு. அதே ஒரு மணி நேரத்தைக் கொல்லிமலையிலிருந்து நிரப்ப வேண்டுமென்றால் வண்டி வேண்டும், கேமராமேன் வேண்டும், வந்துபோக ஒரு முழு நாள் வேண்டும். தாலுகாக்களில் பெரும்பாலும் முழுநேரச் செய்தியாளரே கிடையாது. ஸ்ட்ரிங்கர் என்று அழைக்கப்படும் பகுதிநேரச் செய்தியாளர்தான். செய்தி ஒளிபரப்பானால்தான் அவருக்குக் காசு. ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று அவர் எடுத்தனுப்பும் காட்சி ஓடாது, வளைவில் கவிழ்ந்த வேன் ஓடும். ஒரு வருஷத்தில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொரு பதில், டி.ஆர்.பி. நாடு முழுக்க அரை லட்சத்தைச் சற்றே தாண்டிய வீடுகளில் பார்க் அமைப்பு பொருத்திய மீட்டர்களை வைத்து, கோடிக்கணக்கான வீடுகள் என்ன பார்க்கின்றன என்று கணிக்கிறார்கள். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் இதில் மோசடி என்று வழக்குப் போட, செய்தி சேனல்களின் ரேட்டிங்கை பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மதிப்பெண் பட்டியலே இல்லாமல் செய்தி சேனல்கள் நடந்தன. அந்தக் காலத்தில் அலறல் குறைந்ததா? இல்லை. அதனால் டி.ஆர்.பி. மீது மட்டும் பழியைப் போடுவதில் அர்த்தமில்லை. ஓனர்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். தமிழ் சேனல்களில் கட்சியோ, கட்சிக்காரர் குடும்பமோ, கட்சி தொடங்கிய கல்வி வள்ளலோ சம்பந்தப்படாதவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒருவருடைய வீட்டுக் கல்யாணத்தில் அவரே நாதஸ்வரமும் வாசித்தால் மேளம் யாருக்குக் கேட்கும்?

கட்சிகளும் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன. 2021 ஜூலையில் அ.தி.மு.க. தன் ஆட்களை விவாதங்களுக்கு அனுப்புவதில்லை என்று அறிவித்தது. 2023 செப்டம்பரில் இந்தியா கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் போட்டே புறக்கணித்தது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி கே.எம்.ஜோசப் அமர்வு, சேனல்கள் சமூகத்தைப் பிளக்கின்றன, தவறு செய்யும் நெறியாளர்களை ஏன் நீக்குவதில்லை என்று கேட்டிருந்தது. கமல்ஹாசனோ 2019 தேர்தல் விளம்பரத்தில் தலைவர்களின் பேச்சு ஓடும் டிவி மீது ரிமோட்டை வீசி உடைத்தார். அந்த விளம்பரமும் டிவியில்தான் ஓடியது.

2024 ஜூன் 4 இந்த வியாபாரத்தின் உச்சம். ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல், சிலர் 400 என்று கருத்துக்கணிப்புகளை மூன்று நாள் விற்றார்கள். வந்தது 293, பா.ஜ.க.வுக்கு 240. கணிப்பு நிறுவனத் தலைவர் பிரதீப் குப்தா நேரலையில் விம்மி அழுதார். தமிழகத்தில் பா.ஜ.க. கூட்டணிக்கு சில இடங்கள் உண்டு என்ற கணிப்பும் தரைமட்டம், 39-ம் தி.மு.க. கூட்டணிக்கு. தப்பான கணிப்புக்குச் சந்தையில் தண்டனை கிடையாது, அழுகையும் ஒரு நல்ல எபிசோடு.

கேமரா இருந்த இடம்

எல்லாம் பொய், எல்லாம் வேஷம் என்று முடிப்பது சுலபம். உண்மை அப்படி இல்லை.

2024 மார்ச்சில் நாமக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு தி.மு.க. கூட்டணியின் கொ.ம.தே.க. சூரியமூர்த்தியை வேட்பாளராக அறிவித்தது. சில நாட்களில் அவருடைய பழைய வீடியோ ஒன்று வெளியானது. சாதி மாறிக் காதலிப்பவர்களைக் கொல்லலாம் என்கிற தொனியில் பேசியது. சமூக ஊடகத்தில் கிளம்பி சேனல்களில் ஓடிய அந்தத் துண்டுக்காட்சி வேட்பாளரையே மாற்றியது. வி.எஸ்.மாதேஸ்வரன் நின்று சுமார் 29 ஆயிரம் ஓட்டில் வென்றார். அதே துண்டு வெட்டும் வித்தைதான் விஜயகாந்தைக் கோமாளியாக்கியது. இங்கே அது ஒரு தொகுதிக்கு, சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலைக்கும் சேர்த்து, நல்லது செய்தது. அந்த வீடியோவில் சூரியமூர்த்தி சொன்ன சரக்கு இருந்தது, தடுமாறிய நாக்கு இல்லை.

2018 மே 22 தூத்துக்குடியையும் சொல்ல வேண்டும். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் மஞ்சள் பனியன் போட்ட போலீஸ்காரர் ஒருவர் போலீஸ் வேன் கூரையில் ஏறித் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி டிவியில் வந்தது. 13 பேர் இறந்த அந்தத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய அரசு விளக்கங்களையெல்லாம் அந்தச் சில நொடிகள் கேள்வி கேட்டன. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் வரை அந்தக் கேள்வி பயணித்தது. அந்தக் காட்சியை எடுத்தவர் அரங்கில் உட்கார்ந்திருக்கவில்லை. வெயிலில், கல்லடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவில் நின்றிருந்தார்.

கொல்லிமலையில் கேமரா நின்றிருக்க வேண்டிய இடங்கள் நிறைய. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் வெட்டினார்கள். சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போய், 2008-ல் சுரங்கமும் ஆலையும் நின்றன. ஒரு மலையைக் குடைவதா வேண்டாமா என்பதைவிடப் பெரிய அரசியல் விவாதம் இருக்கிறதா என்ன? சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது எப்படி என்று எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் பல ஆண்டு இங்கேயே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது. மரவள்ளி கீழே சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. ஆலைக்காரர் சொல்வதுதான் விலை. சில ஆண்டுகளுக்கு முன் மாவுப்பூச்சி தாக்கியபோது குருத்து சுருங்கி, செடி கட்டையாகி, கிழங்கு விரல் மொத்தத்துக்கு நின்றுபோன வயல்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கிழங்கு விலை, வனஉரிமைச் சட்டத்தில் பட்டா, பிரசவத்துக்கு வளைவு இறங்க வேண்டிய ஆம்புலன்ஸ் எல்லாமே யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்கிற சுத்தமான அரசியல்தான். இவற்றில் சண்டை உண்டு, வில்லன் உண்டு, கண்ணீரும் உண்டு. திரைக்கதைக்குப் பஞ்சமில்லை. நடிகர்கள்தான் பிரபலம் இல்லை.

2021-ல் சந்திரசேகரனுக்குக் கட்சி சீட் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். தி.மு.க.வின் பொன்னுசாமி வென்றார். அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து சட்டப்பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியது. ரிசார்ட்டைப் பார்த்தவர்கள் பேரவையையும் பார்க்கலாம் என்ற நிலை ஐந்து வருஷம் கழித்துத்தான் வந்தது, அதுவும் முழு அவை நடவடிக்கை இல்லை. மலைத்தொகுதி உறுப்பினர் ஒருவர் எழுந்து சாலை கேட்பார். நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும் என்று அமைச்சர் பதில் சொல்வார். துணைக்கேள்வி ஒன்று, மறுபடி ஒரு பதில். கொல்லிமலைக்காரர் ஒருவர் உண்மையிலேயே பார்க்க வேண்டிய பத்து நிமிடம் அது. அந்த நேரத்தில் சேனல்களின் மைக்குகள் பெரும்பாலும் பேரவைக்கு வெளியே, அன்றைக்கு வெளிநடப்பு செய்யப்போகிறவர்களுக்காக வரிசையில் நிற்கின்றன.